ஒரு மணிக்கு எழுந்த மேடு

அடையாறு ஆய்வுக்கூடத்தில் அல்போன்ஸ் காலை ஒன்பதுக்குக் கருவியை ஓடவிட்டால், மதியம் ஒரு மணிக்கு வரைபடத்தில் ஒரு மேடு எழும். கலைந்துபோன குவாண்டம் ஒத்திசைவு திரும்பி வருவதால்தான் ஆற்றல் அப்படி ஏறி இறங்குகிறது என்று ஆய்வேடே எழுதிவிட்டான்.

"இன்னிக்கு டில்லிலேர்ந்து எக்ஸாமினர் நேர்ல பாக்க வர்றார். தினம் மாதிரி மத்தியானம் சோத்துக் கூடையோட வந்து நின்னு என் மானத்த வாங்காத," என்றான் மனைவியிடம்.

பிரிஸில்லா தயங்கினாள். "ஏங்க, வெளியிலேர்ந்து ஏதாவது பட்டா அளவு கெட்டுப்போகும்னு சொல்வீங்களே. எல்லாத்தையும் பாத்துட்டீங்கல்ல?"

"ரோட்டுல போற பஸ்ஸோட அதிர்வு வரைக்கும் கணக்குல எடுத்தாச்சு. பி.ஏ. தமிழ் படிச்சிட்டு எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தர்றியா? வராதன்னா வராத."

அவள் போகவில்லை.

சாயங்காலம் சாந்தோம் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மேடு வரலடி. மூணு மணி வரைக்கும் பாத்தார். கோடு நேராவே போச்சு. ஐஞ்சு வருஷ உழைப்பு, குப்பைன்னுட்டார்."

"ஐயோ பாவமே," என்று சோறு போட்டாள்.

போன வருஷம் ஒருநாள் பஸ் கிடைக்காமல் அவள் ஒன்றேகாலுக்குத்தான் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தாள். அன்று மேடும் ஒன்றேகாலுக்கே எழுந்தது. மேடு தாமதமானதற்குக் காரணம் சொல்ல வாயெடுத்தவளை, "தொணதொணக்காத" என்று அடக்கிவிட்டு, அந்தத் தாமதத்துக்கும் ஒரு சமன்பாடு எழுதினான்.

என்றைக்குமே மேடு எழுந்தது, அவனுக்குக் குழம்பைச் சூடு பண்ண அவள் பக்கத்து அறையில் கரண்ட் அடுப்பைப் போட்ட அதே நொடியில்.