பதினொரு டீசல் திருடங்க

டீசல் காப்புச் சங்கத்துக் கூட்டத்துல, டீ ஆறுறதுக்குள்ளயே தலைவர் லிண்ட்ஸி மூணு தடவ மேஜையத் தட்டிட்டார்.

“வெயில நம்பி, காத்த நம்பி கார் ஓட்டச் சொல்றான் கவர்மென்ட்டு! நடு ரோட்டுல மேகம் வந்துச்சுன்னா? எறங்கி நின்னு வானத்தப் பார்த்துக் கும்பிடவா?”

உறுப்பினருங்க பத்துப் பேரும் கூரை கிழியக் கைதட்டுனாங்க.

“என் டீசல் வண்டிக்கு வயசு முப்பது. நாலு லட்சம் கிலோமீட்டர். ஒரு நாள் தும்முனதில்ல!”ன்னு எழுந்தார் பொருளாளர் மெர்வ். போன வாரம்தான் அந்த வண்டிய டிராக்டர்ல கயிறு கட்டி ஊர் நடுவுல இழுத்துட்டுப் போனாங்க. எல்லாரும் பாத்தாங்க. யாரும் மூச்சு விடல. சங்கத்து மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

கடைசி வரிசையில கான்ஸ்டபிள் டீகன் நகத்தக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஆஸ்திரேலியாவுல ஒரு மூலையில இருக்கற இந்தக் குர்ராபின் ஊருக்கே அவ ஒருத்திதான் போலீசு. அஞ்சு நாளைக்கு முன்னாடி ஸ்கூல் பஸ் தொட்டியிலேருந்து நானூறு லிட்டர் டீசல யாரோ உறிஞ்சிட்டுப் போயிட்டாங்க. “இந்தத் திருட்டக் கண்டுபிடிக்கலேன்னா உன் ஸ்டேஷன மூடிட்டு உன்ன சிட்னிக்கே திருப்பி அனுப்பிருவேன்”ன்னு மேலதிகாரி சொல்லிட்டார். அவ இப்பத்தான் இங்க ஒரு வீடு வாங்கி, நாலு கோழியும் வளர்க்க ஆரம்பிச்சிருந்தா.

பெட்ரோல் பங்க் நோலீன் காலையிலதான் ஒரு விஷயம் சொன்னா. “இந்தச் சங்கத்து ஆளுங்க டீசல் டீசல்னு தொண்ட கிழியக் கத்துறாங்களே, ஏழு மாசமா என்கிட்ட சரியா டீசலே போடுறதில்லடி. மாசத்துக்கு அஞ்சு லிட்டர் போட்டா அதிசயம். ஆனா வாராவாரம் எரநூறு கிலோமீட்டர் போய் ஷாப்பிங் பண்ணிட்டு வர்றாங்க. எப்படி?”

எப்படி? திருட்டு டீசல்தான், வேற எப்படி!

டீகன் எழுந்து தொண்டையக் கனைச்சா. “நாளைக்குக் காலையில சங்கத்துல இருக்கற எல்லார் வீட்டு ஷெட்டையும் திறந்து பாக்கப் போறேன்.”

மெர்வ் கையில இருந்த ஸ்கோன் பன்னு டீக்குள்ள விழுந்துச்சு.

மறுநாள் ஸ்டேஷன் கதவத் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல லிண்ட்ஸி நின்னார்.

“டீகன்ம்மா, நான்தான். நானூறு லிட்டரும் நான்தான் எடுத்தேன். எழுதிக்கோ. இந்த வெயில்ல நீ எதுக்கு ஷெட்டு ஷெட்டா அலையணும்?”

“டீசல் எங்க?”

“போட்டு ஓட்டித் தீத்துட்டேன்.”

“அஞ்சு நாள்ல நானூறு லிட்டரா?”

“மனசு சரியில்ல. சும்மா சுத்துனேன்.”

டீகனுக்கு ஒரே குஷி. கையெழுத்து வாங்கி அனுப்புறா, அடுத்த நிமிஷம் மெர்வ் உள்ள வர்றார்.

“அந்த டீசலா? நான்தான்.”

“இப்பத்தான லிண்ட்ஸி…”

“அவனா? அவனுக்குத் தொட்டி மூடியத் திறக்கவே தெரியாதும்மா! என்ன எழுது.”

மெர்வ் பின்னாடியே செயலாளர் ஷெர்ல். எழுபத்தியொரு வயசு, இடுப்பு எலும்பு மாத்தி மூணு மாசம். “நான் ஒத்த ஆளா வேலி ஏறிக் குதிச்சேன்”னு ஊன்றுகோலத் தட்டிச் சொன்னாங்க. மத்தியானத்துக்குள்ள பதினொரு பேரும் ஒத்துக்கிட்டாங்க. எல்லாரும் திருடுனது அதே நானூறு லிட்டர். எல்லாரும் கடைசியாச் சொன்னது, “ஷெட்டப் பாக்க வேண்டாம்.”

டீகன் மூச்சு வாங்க மேலதிகாரிக்குப் போன் போட்டா. “சார், ஒரு கும்பலையே பிடிச்சுட்டேன்!”

அந்தப் பக்கம் மேலதிகாரி ஏதோ காகிதத்தப் புரட்டுனார்.

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா நேத்து ராத்திரியே பக்கத்து ஊர்ல வெளியூர்க்காரனுங்க ரெண்டு பேர லாரியோட பிடிச்சாச்சு. நானூறு லிட்டரும் கிடைச்சாச்சு. ஒண்ணுமே செய்யாத பதினொரு பேரு எதுக்கு உன்கிட்ட ஒத்துக்கிட்டாங்க? அடிச்சியா?”

“ஐயோ, இல்ல சார்!”

“அப்ப என்ன காரணம்னு இருட்டுறதுக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா நாளைக்கே ஸ்டேஷனுக்குப் பூட்டு.”

டீகன் ஜீப்ப எடுத்துட்டு நேரா லிண்ட்ஸி வீட்டுக்குப் பறந்தா. அவர் ஷெட்டு வாசல்ல ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னார்.

“திருடன் கிடைச்சுட்டான் லிண்ட்ஸி. நீங்க நிரபராதி.”

அவர் முகம் வெளுத்துப் போச்சு. “இல்லம்மா, நான்தான்! ஜெயில்ல போடு. தலைவர் பதவிய மட்டும் பிடுங்கிடாத. உன் கால்ல வேணா விழறேன், திறக்காத!”

டீகன் அவரு கைக்கு அடியில குனிஞ்சு புகுந்து கதவத் தள்ளுனா.

உள்ள, வைக்கோல் கட்டுக்கு நடுவுல, சுவத்துலேருந்து வந்த வயர வாயில கவ்விக்கிட்டு, பச்ச வெளக்கு கண் சிமிட்ட, பளபளன்னு ஒரு மின்சாரக் கார்.

“வாங்கி ஏழு மாசம் ஆகுது”ன்னு லிண்ட்ஸி தேம்புனார். “ஒரு தடவ கூட மக்கர் பண்ண மாட்டேங்குதும்மா.”

இருட்டுறதுக்குள்ள டீகன் பதினொரு ஷெட்டையும் திறந்து, பதினொரு மின்சாரக் காரையும் பாத்துட்டா. பதினொரு பேரும் தனித்தனியா ஸ்டேஷன மூடவே கூடாதுன்னு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு, அவ காதுக்குள்ள கெஞ்சுனது ஒண்ணே ஒண்ணுதான்: “சங்கத்துல மத்த பத்துப் பேருக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா!”