மிஞ்சிய வயர்

தாழ்வுபாட்டுக் கிராமத்தின் மத்தியான வெயில் யன்னல் கம்பிகளூடாக அகஸ்ரினாவின் கட்டிலில் விழுகிறது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு அவளால் முன்னறைக்குப் போக முடியாது. முன்னறை வைஃபையோ இந்தத் தடித்த கல்லுச் சுவர்களைத் தாண்டி வராது. அங்கே ரவுட்டரோடு ஓர் அடப்டரைப் பொருத்திவிட்டு வந்த பக்கத்துவீட்டு இராசேந்திரம், அதன் சோடியைக் கட்டிலோரப் பிளக்கில் அழுத்துகிறார். இனி வீட்டுக் கரண்ட் வயர் வழியாகத்தான் வைஃபை இந்த அறைக்கு வர வேண்டும். மூன்று சின்ன லைற்றுகள் மினுங்கி மினுங்கி, கடைசியில் பச்சையாக நிற்கின்றன. கலியாணம் முடித்து இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலேயே தங்கிவிட்ட மகள் பிரஷாந்தி போனில் தெரிகிறாள். அவள் கையில், பிறந்து மூன்று நாளான பிள்ளை கொட்டாவி விடுகிறது. அகஸ்ரினா அந்த முகத்தின்மேல் விரலை வைத்து, அழுதுகொண்டே சிரிக்கிறாள். பிறகு போனை இராசேந்திரத்தின் பக்கம் திருப்புகிறாள். "மாமாவைப் பார் பிள்ளை. நாங்கள் இந்தியாவில இருக்கேக்க, ஆளில்லாத வீடெல்லாத்திலயும் செம்புக்காகக் கள்ளர் வயரை உருவிக்கொண்டு போட்டாங்கள். இவர் இராவில இஞ்ச வந்து படுத்தபடியாத்தான் எங்கட வயர் மிஞ்சினது." இராசேந்திரம் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறார். சுவரில் ஓடும் பழைய வயரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, போனுக்குக் கிட்டக் குனிகிறார். "நான் வயரைத்தானே பாத்தனான்," என்கிறார். "பிள்ளையை இப்பதான் பாக்கிறன்."