எழும்பி நிண்டு சொல்லோணும்

"உங்களில வேலை இல்லாத ஆக்கள் எழும்புங்கோ."

அரசாங்கக் கச்சேரியால வந்த அதிகாரி இராசையா ஐயா ரெண்டாந்தரமும் கேட்டார். மூதூர்ப் பள்ளிக்கூட மண்டபம் நிறைய இளந்தாரிமார். ஒருத்தனும் அசையல்ல.

"என்னப்பா இது? பொடியன்மாருக்கு வேலை இல்ல, செங்கல் சுடுற வாடி போட அரசாங்கம் காசு தரோணும் எண்டு பெட்டிசம் போட்டது நீங்கள்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப எழும்புங்கோவன். கள்ளப் பேர் குடுக்கிறாங்கள் எண்டு இப்ப சட்டத்தை மாத்திப் போட்டாங்கள். இருபத்தஞ்சு பேர் ஊருக்கு முன்னால எழும்பி நிண்டு, வேலை இல்ல எண்டு வாயால சொல்லோணும். ஒராள் குறைஞ்சாலும் காசு பக்கத்து ஊர் வெருகலுக்குப் போயிரும். நான் ஒண்டும் செய்ய ஏலாது."

எப்பிடி எழும்புறது? முன் வரிசைக் கதிரை எல்லாத்திலயும் குமர்ப்பிள்ளைகளப் பெத்த வாப்பாமார். மாப்பிள்ளை எடுக்க வாறவங்க முதல்ல கேக்கிறதே தொழிலைத்தான்.

ஐயா ஒவ்வொருத்தரா விசாரிச்சார்.

"தம்பி, நீர்?"

"வியாபாரம், சேர்," எண்டான் ஸுஹைர். முன்னுக்கு மஹ்ரூப் காக்கா இருந்தார். அவர்ர மகள் ஸல்ஹாவுக்கு இவனைத்தான் பேசி வெச்சிருந்தது.

"நீர்?"

"வயல்."

"நீர்?"

"கடல்."

ஐயா பேனையை மூடினார். "நல்லாத்தானே இருக்கிறீங்கள். உங்களுக்கு என்னத்துக்கு வாடி?"

பின்னால இருந்து ஒருத்தன் வாங்குப் பலகையில ஏறிக் கத்தினான். அபூதாஹிர். பெட்டிசம் எழுதினது அவன்தான். பல்கலைக்கழகக் கம்பஸில படிச்சு, லீவில வந்து நிக்கிற பொடியன் எண்டு ஊரே பெருமையாச் சொல்லும். வாயைத் திறந்தா நெருப்பு.

"என்ன வியாபாரம்டா ஸுஹைர்? இறங்குதுறையில நிண்டு, லோஞ்சுப் படகால இறங்கிறவனிட்ட பீடி கேக்கிறதா?"

மண்டபம் சிரிச்சுது.

"மெல்லக் கதை மச்சான். மாமா இருக்கார்."

"இருக்கட்டும்! அவருக்குத் தெரியாதா? டேய், வயல் எண்டாய், ஆருட வயல்டா? ரெண்டு போகமா வெடிச்சுக் கிடக்கு, மாடும் அந்தப் பக்கம் போறல்ல. கடலாம் கடல்! தோணி இல்லாதவனுக்கு என்னத்துக்குடா கடல், குளிக்கவா?"

"அபூதாஹிர், காணும் நிறுத்து," எண்டார் ஒரு வாப்பா.

"காணாது காக்கா! பேக்கரிப் பாணுக்குக் கியூவில நிக்கிற முதலாளிமார் எல்லாரும் இஞ்சதான் இருக்காங்க! வெக்கமாம். வெக்கத்தை அவிச்சுத் திங்கப் போறீங்களாடா? வேலை இல்லாதது உங்கட குத்தமா? அதை மறைக்கிறதுதான்டா குத்தம். ஆம்பிளையெண்டா எழும்பிச் சொல்லுங்க!"



ஸுஹைர் இடுப்புச் சாரனை இறுக்கிக்கொண்டு எழும்பினான்.

"எனக்கு வேலை இல்ல, சேர். ஒரு வேலையும் இல்ல."

மஹ்ரூப் காக்கா அவன்ட முகத்தைப் பார்க்கல்ல. தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினார்.

"மாமா..."

"இன்னும் மாமா ஆகல்ல, மகன்," எண்டு சொல்லிப்போட்டு வாசலுக்கு நடந்தார்.

ஸுஹைர் அழுவான் எண்டுதான் எல்லாரும் பார்த்தாங்க. அவன் இருக்கவும் இல்ல, அழவும் இல்ல. அப்பிடியே நிண்டான்.

அதைப் பார்த்துத்தான் மத்தவங்களுக்கும் ரோசம் வந்துது. வயல் எண்டவன் எழும்பினான். கடல் எண்டவன் எழும்பினான். ஜன்னலுக்கு வெளியால நிண்ட சுபைதா உம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கொண்டு தன்ட மகனைக் கூப்பிட்டா.

"எழும்பு மகன். கௌரவம் பார்த்தது போதும், வீட்டில அடுப்பு எரியட்டும்."

அவனும் எழும்பி, வேலை இல்ல எண்டான். தலையை மட்டும் நிமித்தல்ல.

ஐயா விரலை நீட்டி எண்ணினார். பிறகு இன்னொருக்கா எண்ணினார்.

"இருபத்தி நாலு. ஒராள் குறையுது."

"எவன்டா இன்னும் ஒளிச்சிருக்கிறான்?" அபூதாஹிர் வாங்கால குதிச்சான். "ஒருத்தனால ஊரே நாசமாப் போகப் போகுது! எழும்புடா!"

ஆரும் எழும்பல்ல. மிச்சம் இருந்ததெல்லாம் வாத்திமாரும் கடைக்காரரும்தான்.

ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு அபூதாஹிரை வடிவா உத்துப் பார்த்தார்.

"தம்பி, உம்மை நான் கண்டனான். போன மாசம் என்ட கச்சேரிக் கந்தோருக்கு வந்து, கம்பஸ் கிடைக்கல்ல, பியோன் வேலையெண்டாலும் தாங்கோ ஐயா எண்டு நிண்டது நீர்தானே? பிறகென்ன, நீர் ஒரு வார்த்தை சொன்னாச் சரி. இருபத்தஞ்சு."

மண்டபமே திரும்பிச்சுது. நிண்ட இடத்தில இருந்து ஸுஹைரும் பார்த்தான். வாசலில செருப்பைக் காலில மாட்டிக்கொண்டிருந்த மஹ்ரூப் காக்காவும் திரும்பினார்.

அபூதாஹிர் சேட்டுக் கொலரை இழுத்து விட்டான்.

"அது வேற ஆராவதா இருக்கும், சேர். நான் படிச்சுக்கொண்டிருக்கிறன்."