இறங்குவதற்கு ஐம்பது டாலர்

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

ஒட்டகத்தின் மேல் அவள் கணவர் தெய்வநாயகம். தலையில் ஒட்டகக்காரன் கட்டிவிட்ட சிவப்புத் துணி.

ஏற்றும்போது எல்லாம் இலவசம் என்றான். போட்டோ இலவசம், தலைப்பாகை இலவசம், இந்தியாக்காரர்கள் என் சகோதரர்கள் என்றான். இப்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறான். ஏறுவதற்குத்தான் காசில்லையாம். இறக்கிவிட ஐம்பது டாலராம்.

யாரும் ஒட்டகத்தில் ஏற வேண்டாம் என்று வழிகாட்டிப் பெண் பேருந்திலேயே மூன்று முறை சொல்லியிருந்தாள்.

அது ஏமாளிகளுக்குச் சொல்வது என்றார் அவர்.

ஓய்வு பெற்ற முத்திரை ஆய்வாளர். முப்பது வருடம் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவர். தன்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவருகிறார். கெய்ரோவுக்கு வந்த இந்த ஐந்து நாளும் சொன்னார். அவள் ஆசைப்பட்டு எடுத்த நீல அத்தர் குப்பியைப் பிளாஸ்டிக் என்றார். கரும்புச் சாற்றில் பாதி தண்ணீர் என்றார். அருங்காட்சியகத்தில் ஒரு மம்மியின் முன்னால் அவள் சற்று நின்றபோது, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று தானே சொல்லி முடித்துக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"ஒத்தப் பைசா குடுக்காத, செண்பகம். இவன நான் பாத்துக்கிடுதேன்."

பணப்பை அவளிடம் இருந்தது. பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும் என்று ஏறுமுன் அவர்தான் கழற்றிக் கொடுத்தார்.

அவள் கொடுக்கவில்லை.

அவர் மேலிருந்தபடி சட்டம் பேசினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். ஒட்டகக்காரன் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினான். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்.

குதித்துவிடலாம் என்று அவர் ஒரு காலைத் தூக்கினார்.

ஒட்டகம் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

காலை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் போயிற்று. வெயில் ஏறியது. பேருந்தில் கூட வந்தவர்கள் பிரமிடைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒட்டகத்தின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மரம் மாதிரி நிக்கியே. குடுத்துத் தொலையேன்."

"நீங்கதான குடுக்காதன்னு சொன்னிய."

"இப்பம் நாந்தான சொல்லுதேன். நீ சட்டுனு போட்டோ எடுத்திருந்தா இவ்வளவு வந்திருக்குமா? எல்லாம் உன்னாலதான்."

அவள் பையைத் திறந்து இருபது டாலர் தாளை எடுத்துக் காட்டினாள்.

ஒட்டகக்காரன் நெஞ்சில் கை வைத்தான். பிள்ளைகள் என்றான், ஒட்டகத்தின் தீனி என்றான்.

தாளைப் பைக்குள் வைத்தாள். திரும்பிப் பேருந்தைப் பார்த்து நடந்தாள்.

நாலு எட்டு வைப்பதற்குள் கூப்பிட்டான். இருபதுக்கு ஒப்புக்கொண்டான்.

பணத்தை வாங்கி அங்கிக்குள் செருகிவிட்டு, ஒட்டகத்தை மண்டியிட வைக்கப் போனான். அவர் தலைத்துணியை அவிழ்க்கத் தொடங்கினார். இறங்குமுன்பே குறை சொல்லிக்கொண்டிருந்தார். இருபது அதிகம் என்றார். பத்துக்கே முடித்திருக்கலாம் என்றார்.

அவள் ஒட்டகக்காரனின் தோளைத் தொட்டாள்.

பையிலிருந்து இன்னொரு பத்து டாலரை எடுத்தாள். ஆள்காட்டி விரலால் பிரமிடைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

அவன் தாளைப் பார்த்தான். மேலே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

சிரிக்கவில்லை. நாக்கைச் சொடுக்கினான். ஒட்டகம் நகர்ந்தது.

"மெதுவா," என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவனுக்குப் புரிந்தது.

அவர் திரும்பித் திரும்பி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்ச தூரத்தில் குரல் மட்டும் வந்தது. என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை.

நிழல் விழுந்த ஒரு கல்லில் அவள் உட்கார்ந்தாள். பிரமிடின் அடி வரிசைக் கல் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சு உயரம் இருந்தது. ஒவ்வொரு வரிசையாக மேலே பார்த்துக்கொண்டே போனாள்.

இவ்வளவு கல்லையும் எப்படி ஏற்றினார்கள் என்று சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.