இரவு ஷிப்டின் பதில்

ஓசூர் ஆலையில் சதுரங்கம் ஷிப்டு முறைப்படி நடக்கும். பகலில் ஸ்வாதி ஒரு காய் நகர்த்துவாள்; இரவில் தமிழரசன் பதில் நகர்த்துவார். பலகை இருக்கும் அலமாரிக்குச் சாவி அவர்களிடம் மட்டுமே உண்டு. இம்முறை வென்றால் கோப்பை முதன்முதலாகப் பகல் ஷிப்டுக்கு வரும்.

ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை நகர்த்தி ஸ்வாதி தொடங்கினாள். தினமும் துணிச்சலான பதில் காத்திருந்தது. உற்சாகம் தாங்காமல் தமிழரசனைக் கைபேசியில் அழைத்தாள்.

"செமயா ஆடறீங்கண்ணா."

"என்னம்மா கிண்டலா? ஒரு வாரமா பர்கூர்ல லீவுல கெடக்கறேன். வந்து ஆரம்பிக்கலாம் இரு."

அவள் அலமாரிப் பூட்டை ஆராய்ந்தாள்; யாரும் உடைத்த தடமில்லை. ஆயினும் இவ்வளவு நல்ல ஆட்டத்தை விட்டுவிட மனம் வரவில்லை. ராணியால் செக் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினாள்.

மீண்டும் பார்த்தபோது, கறுப்பு ராஜா பக்கத்துக் கட்டத்தில் நின்று இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.