மூணு பொட்டுத் தழும்பு

"வயித்தைத் தொறந்தே எடுத்திருங்க டாக்டர்" என்றாள் சித்ரலேகா.

மகள் சங்கரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுக்க மூணு வழி இருக்குன்னு டாக்டர் இப்பத்தான படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க? கீழ்வழியாப் போனா சினைப்பை எட்டுறது சிரமம். அதை விடு. வயித்தைத் தொறந்தா ஆறு வாரம் படுக்கணும். சின்னதா மூணு துளை போட்டு எடுத்தா ரெண்டு நாள்ல வீடு!"

"உங்களுக்குத் துளையே போதும்மா. வலியும் கம்மி" என்றார் டாக்டர் மார்கரெட்.

"வேண்டாம் டாக்டர். தொறந்தே எடுங்க."

சங்கரி அப்பாவின் பக்கம் பாய்ந்தாள். "நீங்கதான ஏதோ சொல்லிக் குழப்பி வச்சிருக்கீங்க? பொம்பளை வயிறுன்னா ஆம்பளைங்க முடிவு பண்ணணுமாக்கும்?"

"நான் எங்கட்டி சொன்னேன்? ஒங்கம்மைதான் ஒத்தக் கால்ல நிக்கா" என்றார் சிவசண்முகம். "எனக்கு அவ சீக்கிரம் எந்திரிச்சாச் சரி."

"அதான் நானும் சொல்லுதேன்! துளைன்னா பத்தாம் நாள் அம்மா அடுப்படியில நின்னு தோசை சுடுவா. நானும் நிம்மதியாப் பரீட்சைக்குப் படிப்பேன். இதுக்கு மேல என்ன வாதம் வேணும்?"

சிவசண்முகத்தின் முகம் மலர்ந்தது. "அப்பத் துளைதான்!" போன் அடிக்க, வெளியே போனார்.

"ஜெயிச்சிட்டல்லா?" என்றாள் சித்ரலேகா மெதுவாக.

"என்னம்மா?"

"தச்சநல்லூர்ச் சித்திக்குத் துளை போட்டுத்தான எடுத்தாங்க? மூணு பொட்டு வச்சாப்ல தழும்பு. அவ மாமியா பாத்துட்டு, 'இதுக்காட்டி படுத்துக் கெடக்க?'ன்னுட்டா. மறுவாரமே தண்ணிக் குடம் தூக்குனா. உள்ள அறுத்தது அறுத்ததுதான? வெளிய தெரிஞ்சாத்தான் படுக்க விடுவாங்க."

"நம்ம வீட்டுல யாரும்மா அப்படி..."

"பத்தாம் நாள் தோசைன்னது யாரு?"

கல்லூரிப் பட்டிமன்றத்தில் மணியடித்தாலும் நிறுத்தாத சங்கரி இப்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, டாக்டரிடம் குனிந்தாள்.

"டாக்டர், துளை போட்டே எடுங்க. ஆனா கட்டு மட்டும் அடிவயிறு பூரா, நல்லாப் பெருசாத் தெரியுற மாதிரி போட முடியுமா?"

மார்கரெட் எழுதிக்கொண்டே சொன்னார்.

"ஒங்க சித்தி எங்கிட்ட வந்திருக்கணும். இங்கன எல்லாருக்கும் அந்தக் கட்டுதாம்மா."