மறுத்த கடன்

நீண்ட மன்னாக்கத்தி மேசைக் கண்ணாடியில் இறங்கியபோது ஜுனைட் கையை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பிந்திவிட்டது. இடதுகைச் சின்ன விரலின் நுனி பிளந்து, இரத்தம் கோப்புகளின் மேல் சொட்டியது.

கத்தியோடு நின்றவர் அறுபது தாண்டிய கிழவர். வங்கியின் கல்முனைக் கிளை வாசலில் காவலாளியின் தோளை வெட்டிவிட்டு, முகாமையாளர் ஜுனைட்டின் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டியிருந்தார். வெள்ளைச் சாரனின் கரையெல்லாம் காய்ந்த மணல். வயலிலிருந்து நேரே வந்திருக்கிறார் என்று ஜுனைட் நினைத்தார்.

"என்ட மகன்ட பைலை எடு," என்றார் கிழவர்.

யாருடைய வாப்பா என்பது ஜுனைட்டுக்கு உடனே விளங்கிவிட்டது. நிந்தவூரில் ஐஸ் ஆலை போட இரண்டு கோடி கேட்ட பளீலை அவர் போன கிழமைதான் திருப்பி அனுப்பியிருந்தார். அவனுடைய ஐந்தொகைக் கணக்கில் சொத்தைவிடக் கடன் கூட. வாப்பாவைக் கூட்டி வந்து உனக்குப் பாடம் படிப்பிக்கிறேன் என்று கத்திவிட்டுத்தான் போனான்.

போன டிசம்பரில் வந்திருந்தால் பளீலுக்கும் கிடைத்திருக்கும். மத்திய வங்கி வட்டியைக் குறைத்திருந்த நேரம் அது. சனங்கள் வைப்பிட்ட பணம் வங்கியில் குவிந்து கிடந்தது. அதைக் கடனாகக் கொடுத்தால்தான் வங்கியின் ஐந்தொகையில் வட்டி தரும் சொத்து ஏறும். ஆண்டு முடியுமுன் கொடுத்துத் தள்ளு என்று தலைமையகம் ஒரு நாளைக்கு மூன்று தரம் அழைத்தது. ஜுனைட்டும் கொடுத்தார். சில கோப்புகளில் வயலின் விலையையும் நெல் இருப்பையும் அவரே கூட்டி எழுதி, தகுதியில்லாததைத் தகுதியாக்கினார். அதற்காகக் கொழும்பில் ஒரு கேடயமும் கிடைத்தது.

இந்த டிசம்பரில் கட்டளை வேறு. புதுக் கடன் வேண்டாம், அறவிட முடியாத கடன்களின் அடமானங்களை எல்லாம் ஏலத்தில் விற்று ஐந்தொகையைத் துப்புரவாக்கு.

ஜுனைட் மெதுவாகக் கதைத்தார். நடந்தது பிழைதான், விண்ணப்பத்தை இன்றைக்கே அங்கீகரிக்கிறேன் என்றார். பதிலுக்குக் கத்தியின் பின்புறம் அவருடைய காதோடு சேர்த்து அறைந்தது. தலைக்குள் தேனீக் கூட்டம் இரைந்தது.

இது போதவில்லைப்போலும் என்று நினைத்து, வட்டியையும் இரண்டு வீதம் குறைக்கிறேன் என்றார். கிழவர் அவருடைய தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். உடைந்த கண்ணாடி கன்னத்தைக் கிழித்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது.

கதவுக்கு வெளியே உதவி முகாமையாளர் பரீனா பொலிசுக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். பொலிஸ் வரும்வரை கழுத்து மிஞ்ச வேண்டும். ஜுனைட் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இரண்டு கோடி அல்ல, மூன்று கோடி.

அந்தத் தொகையைக் கேட்டதும் கிழவர் கத்தியை ஓங்கினார். கத்தி ஜுனைட்டின் பிடரியில் வந்து பதிந்தது. சட்டைக் கொலருக்குள் சூடாக ஏதோ வழிந்தது.

"காக்கா, இப்பவே கையெழுத்து வைக்கிறன்," என்று ஜுனைட் அழுதார். "பளீலுக்கு எவ்வளவு வேணுமெண்டாலும் தாறன்."

பிடரியில் அழுத்தம் நின்றது.

"பளீல் ஆர்?"

ஜுனைட்டால் தலையைத் திருப்ப முடியவில்லை. வெளியே சப்பாத்துச் சத்தமும், கதவை யாரோ தோளால் இடிக்கும் சத்தமும் கேட்டன. கிழவர் அவருடைய மயிரை விட்டுவிட்டு, கத்தியை மேசையில் வைத்தார். வாடிக்கையாளர் கதிரையில் போய் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

மகனின் பெயர் ஜெஸீம் என்றார். நற்பிட்டிமுனையில் நெல் மில்.

ஜுனைட்டுக்குக் கோப்பை எடுக்கத் தேவையிருக்கவில்லை. போன டிசம்பரில் அவர் கொடுத்த மிகப் பெரிய கடன் அது, மூன்று கோடி. வெறுமையாகக் கிடந்த களஞ்சியத்தில் ஆயிரம் மூட்டை நெல் இருப்பதாக எழுதியது அவருடைய கை. மில்லுக்கான ஏல அறிவித்தலில் கையெழுத்திட்டு அனுப்பியதும் அதே கை, போன வியாழக்கிழமை.

பூட்டு உடைந்து கதவு திறந்தது. இரண்டு பொலிஸ்காரர் பாய்ந்து கிழவரைப் பிடித்தார்கள். அவர் திமிறவில்லை. ஜுனைட்டையே பார்த்தபடி, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீ அவனுக்குக் கடன் இல்லையெண்டு சொல்லியிருந்தா, இண்டைக்கு விடிய சுபஹுக்கு நான் அவனை மண்ணுக்குள்ள அடக்கியிருக்க மாட்டன்."